வளைந்த முதுகெலும்பு



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் என் வாயிலிருந்து மிகுதியாக வெளிவந்த சொற்கள் எவை என்று கேட்டால், 'நேராக உட்கார்' என்பவையே என்று தயங்காமல் கூறுவேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு அவ்வாறு கற்பித்தார்கள். நானும் வகுப்புதோறும் அதைச் சொல்லி வந்தேன். பல பிள்ளைகளுக்கு அதனால் நன்மை விளைந்திருக்கலாம். ஒரு பிள்ளையிடம் அதைச் சொன்னது மட்டும் பெரும் பிழையாயிற்று. அந்தப் பிழையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1994ஆம் ஆண்டு. சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் எப்போது பார்த்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பாள். "நேராக உட்கார், அம்மா" என்பேன். நிமிர்வாள்; சற்று நேரத்தில் மறுபடியும் சாய்ந்துவிடுவாள். சோம்பல் என்று எண்ணினேன். ஒருநாள் பெஞ்சின்மேல் ஏறி நிற்கவும் சொன்னேன். அவள் மறுமொழி ஒன்றும் கூறாமல் ஏறி நின்றாள். பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் 'கூனி' என்று முணுமுணுத்துச் சிரித்தது என் காதிலும் விழுந்தது. அவர்களை அதட்டினேனே தவிர, அவர்கள் கண்ணுக்குப் பட்டது என்ன என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. உண்மையைக் கண்டவர் அவ்வூர்த் தையற்காரர். பத்தாம் வகுப்புச் சீருடைக்கு அளவெடுக்கும்போது, "அம்மா, பிள்ளைக்கு வலத்தோள் இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கிறது. போன ஆண்டுப் பாவாடையும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. என் தையலில்தான் குற்றமோ என்று நினைத்தேன். குற்றம் துணியில் இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அவள் தாயாரிடம் சொன்னாராம். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். எனக்கோ பட்டமும் இருந்தது, பயிற்சியும் இருந்தது.

சென்னையில் எடுத்த எக்ஸ்ரே படத்தை அவள் தந்தையார் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வீணைத்தண்டுபோல் நேராக நிற்கவேண்டிய முதுகெலும்பு, அதில் ஆற்றின் திருப்பம்போல் வளைந்து கிடந்தது. வளைவின் அளவு 74 பாகை என்று எழுதியிருந்தார்கள். கணக்கு ஆசிரியனாகிய எனக்கு அந்த எண்ணின் பொருள் உடனே விளங்கிற்று. செங்கோணத்துக்கு 16 பாகையே குறைவு!

அது என்ன நோய் என்று பார்ப்போம். கையைப் பின்னால் கொண்டுபோய் உங்கள் முதுகின் நடுவே தடவிப் பாருங்கள். மணிமணியாகத் தட்டுப்படுகிறதல்லவா? கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 24 முள்ளெலும்புகள் அங்கே உள்ளன. அவற்றுக்குக் கீழே ஒன்றாய் இணைந்துபோன எலும்புகள் இருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இந்த அடுக்கு முன்னும் பின்னுமாக வளைந்திருக்கும், அவ்வளைவு இயற்கை. பின்னாலிருந்து பார்த்தால் நேராக இருக்கவேண்டும். அவ்வாறன்றி இடமாகவோ வலமாகவோ 10 பாகை அல்லது அதற்கு மேல் வளைந்திருப்பின், அதனை ஸ்கோலியோசிஸ் என்பர். வளைவு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. நாம் 'பக்கவளைவு' என்று கூறலாம். முன்புறமாகக் குனிந்துபோகும் கூன் வேறு, இது வேறு. நின்றசீர் நெடுமாறன் என்று பெயர் பெறுமுன் அப்பாண்டியனுக்கு இருந்ததாகச் சொல்லப்படுவது கூன்.

பக்கவளைவில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. எலும்புகள் பக்கமாகச் சாய்வதோடு நில்லாமல், மாடிப்படிச் சுருள்போல் முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றன. மார்பு எலும்புகளோடு விலா எலும்புகள் சேர்ந்திருப்பதால், அவையும் ஒரு புறம் பின்னால் தள்ளப்பட்டுப் புடைத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் 'கூனி' என்று சொன்னது இந்தப் புடைப்பைத்தான்.

காரணம் என்ன? சிலருக்குப் பிறவியிலேயே முள்ளெலும்பு அரைகுறையாக உருவாகியிருக்கும். சிலருக்குத் தசையும் நரம்பும் நலிந்ததால் வரும். பெரும்பாலோர்க்கு, அதாவது நூற்றுக்கு எண்பது பேர்க்குக் காரணம் இன்னும் அறியப்படவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்க்கும் வரும் வாய்ப்பு மிகுதி. புத்தகப் பையின் சுமையாலோ, சாய்ந்து உட்காருவதாலோ இது வருவதில்லை. சாய்ந்து உட்கார்ந்ததால் அவள் முதுகு வளையவில்லை. முதுகு வளைந்ததால் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். காரணத்தையும் காரியத்தையும் நான் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். அறிஞர்களும் இவ்வாறு எண்ணியதுண்டு. 1741இல் பிரான்சு நாட்டு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி, குழந்தைகளின் உடலைச் செம்மைப்படுத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். 'நேர்', 'குழந்தை' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் அமைத்த பெயரே இன்று எலும்பு மருத்துவத்துக்கு வழங்குகிறது. கோணல் மரத்தை ஒரு கழியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அந்நூலில் உண்டு. அவரும் உட்காரும் முறையையே பெரிதாக வற்புறுத்தினார்.

பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்களே, அந்தக் காலமே இந்நோய்க்கு வாய்ப்பான காலம். உடல் வளர வளர வளைவும் வளரும். கடுமையான வளைவு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே மிகுதியாக வருகிறது. 20 பாகை அளவில் இருந்தால் மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துவருவார்கள், அவ்வளவே. அத்தகைய வளைவோடு வாழ்நாள் முழுதும் நலமாக இருப்போர் பலர். 2009இல் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி உலகை வியக்கவைத்த உசைன் போல்ட்டுக்கும் பக்கவளைவு உண்டு. 25 பாகைக்கு மேல், வளரும் பருவமாகவும் இருந்தால், உடலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கவசம் ஒன்றை அணிவிப்பர். இதனால் உண்மையில் பயன் உண்டா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2013இல் வெளிவந்தது. கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர்க்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாதவர்களில் 48 பேர்க்கே அந்த நற்பேறு கிட்டியது. நாளில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலான பலன். என் மாணவிக்கோ அந்தக் காலம் கடந்துவிட்டது. 1994இல் நான் கண்டிருந்தால் ஒருகால் கவசத்தோடு முடிந்திருக்கும். இதை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

50 பாகையைத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்ற பின்னும் மெல்லமெல்லக் கூடக்கூடியது. மிகவும் கடுமையானால் மார்புக்கூடு நெருங்கி, நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சு முட்டும். ஐந்தாறு வயதுக்குள் தொடங்கும் வளைவு இவ்வகையில் மிகக் கொடியது. நுரையீரலே அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. இத்தகையோர்க்கு அறுவைச் சிகிச்சையே வழி.

அச்சிகிச்சையின் வரலாறு நெடியது. நோயாளியை ஏணியில் கட்டி, ஏணியை உயரத்திலிருந்து விழச்செய்து குலுக்கும் முறை பண்டைக் கிரேக்கத்தில் இருந்தது. அதனால் எவரும் நிமிர்ந்ததாகத் தெரியவில்லை என்று ஹிப்போகிரட்டீசின் நூலே ஒப்புக்கொள்கிறது. 1911இல் நியூயார்க் நகரில் ரசல் ஹிப்சு என்னும் மருத்துவர், காசநோயால் சீர்கெட்ட முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காட்டினார். பின்னர் பக்கவளைவுக்கும் அதைச் செய்தார். ஆனால் எலும்பு ஒட்டும் வரையில் பிள்ளைகள் மாவுக்கட்டில் பல மாதங்கள் படுத்தே கிடக்கவேண்டும். அப்படியும் வளைவு திரும்பிவிடுவதுண்டு.

திருப்பம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நிகழ்ந்தது. 1940களில் அங்கே இளம்பிள்ளை வாதம் பரவியது. 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடென்று அறிவிக்கப்பட்டபோது நீங்கள் மழலைகளாக இருந்திருப்பீர்கள். அந்நோயை நீங்கள் கண்டதில்லை. என் வயதினர் கண்டிருக்கிறோம். அதனால் தசை நலிந்த பிள்ளைகளின் முதுகு வளைந்தது. மூச்சுத் தசையும் நலிந்திருந்தபடியால் அவர்களை மாவுக்கட்டில் இறுக்கவும் முடியவில்லை. பால் ஹாரிங்டன் என்னும் மருத்துவர், எஃகுக் கோல் ஒன்றை முதுகின் உள்ளேயே வைத்து, வளைவின் மேல்முனையையும் கீழ்முனையையும் கொக்கிகளால் பற்றி, இரண்டையும் விலக்கி நிமிர்த்தினார். லாரியின் சக்கரம் மாற்றும்போது ஜாக்கி எவ்வாறு பல்பல்லாக உயருமோ, அவ்வாறே இதுவும். தொடக்கத்தில் கோல் மட்டும் போதும் என்று அவர் எண்ணினார். ஆனால் அசைந்துகொண்டேயிருக்கும் முதுகில் எஃகும் ஒருநாள் அலுத்து முறிந்தது. கோலோடு எலும்புகளையும் ஒட்டவைக்கவேண்டும் என்று அவர் அதிலிருந்து கற்றார். கூரைக்குக் கான்கிரீட் போடும்போது அடியில் முட்டுக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் இறுகும் வரையில் தாங்குவதே முட்டின் வேலை. கோலின் வேலையும் அதுவே. தம் அனுபவத்தை 1962இல் அவர் வெளியிட்டார். அதன்பின் பல திருத்தங்கள் வந்தன. இப்போது ஒவ்வொரு முள்ளெலும்பிலும் திருகாணி பொருத்தி, முறுக்கையும் திருப்பிச் சரிசெய்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கு எலும்பை ஒட்டவைத்துவிட்டால் வளர்ச்சி தடைப்படும். ஆகவே அவர்களுக்கு வளர வளர நீட்டக்கூடிய கோல்களை வைக்கிறார்கள்.

என் மாணவியின் தந்தையார் பல மாதம் உடன்படவில்லை. "ஐயா, கால் விளங்காமல் போய்விட்டால்?" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். முதுகெலும்பின் உள்ளேதான் தண்டுவடம் ஓடுகிறது. கால்களுக்குச் செல்லும் கட்டளை எல்லாம் அதன் வழியே செல்கிறது. அவர் அச்சம் வீண் அச்சம் அன்று. நான் விடை சொல்ல இயலாமல் இருந்தேன். அந்த மாதங்களில் 74 பாகை 81 ஆயிற்று. முடிவில் அறுவை மருத்துவரே அவருக்கு விளக்கினார். கோலைப் பொருத்தியவுடன், சிகிச்சையின் நடுவிலேயே மயக்கத்தைச் சற்றுத் தெளியவைத்து, பெயர் சொல்லி அழைத்து, காலை அசைக்கச் சொல்வார்கள். அசைத்தால் மீண்டும் மயக்கம் கொடுத்து வேலையை முடிப்பார்கள். அசைக்காவிட்டால் கோலை உடனே தளர்த்துவார்கள். 1973இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் எழுதிய முறை இது. இன்று மின்கருவிகள் தண்டுவடத்தை நொடிதோறும் கண்காணிக்கின்றன. காரணம் அறியப்படாத பக்கவளைவுக்குச் செய்யும் சிகிச்சையில் கால் செயலிழக்கும் இடர் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

1997 கோடை விடுமுறையில் சிகிச்சை நடந்தது. தந்தையாரும் நானும் வெளியே மரப்பெஞ்சில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இடையில் தாதி ஒருவர் கதவைத் திறந்து, "இரண்டு காலும் அசைந்தன" என்று கூறிவிட்டு உள்ளே போனார். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டேன்.

81 பாகை 32 ஆயிற்று. முற்றும் நேராகவில்லை, அவ்வாறு ஆவதும் அரிது. ஒரே நாளில் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டாள்! ஒட்டிய பகுதி இனி வளையாது. அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. இன்று அவர் வருவாய்த்துறை அலுவலர். விடியற்காலையில் வாசலில் கோலம் போடும்போது மற்றப் பெண்களைப்போல் இடுப்பை வளைக்காமல், குந்தி உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போடுவார்.

இந்நோயைக் காணும் வழி மிக எளிது. 1865இல் வில்லியம் ஆடம்சு என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிவைத்தது. கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் மருத்துவரிடம் செல்லவேண்டும். மாணவர்களே, எங்கள் பள்ளியில் காலைதோறும் உடற்பயிற்சி வகுப்பில் இருநூறு பிள்ளைகளைக் குனிந்து கால்விரலைத் தொடச் செய்தோம். ஆசிரியர் எல்லோரும் முன்னால் நின்றோம்.

சென்ற மாதம் அவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். மகளுக்குப் பதினொரு வயது. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை குனியச் சொல்லிப் பார்க்கிறேன், சார். இதுவரை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது" என்றார். என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அந்தக் குழந்தையின் பின்னால் போய் நின்றேன்.