ஊருக்குப் போகிறீர்களா? குழந்தையை 'அடக்க' வைக்காதீர்கள்!

விடுமுறை வந்தால் தாத்தா-பாட்டி வீடு, குலதெய்வம் கோயில், கொடைக்கானல், ஊட்டி என்று குடும்பத்தோடு கிளம்புவது சந்தோஷமான விஷயம்தான். ஆனால், சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள்... "வழி முழுக்க அழுகை, வாந்தி. ஊர் போய்ச் சேர்ந்தா காய்ச்சல். பேசாம வீட்லயே இருந்திடலாம்னு தோணுது, டாக்டர்!" என்பார்கள்.

குழந்தை வேண்டுமென்றே அடம் பிடிப்பதில்லை. சித்த மருத்துவம் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பட்டியல் சொல்கிறது. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், வாந்தி, தும்மல், கொட்டாவி போன்ற உடம்பின் இயல்பான உந்துதல்கள் அவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது நம் சித்தர்களின் எச்சரிக்கை. பயணத்தின்போது நாம் குழந்தையை எத்தனை வேகங்களை அடக்க வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அழுகைக்குக் காரணம் புரிந்துவிடும்!

தாகமும் சிறுநீரும்

"தண்ணி குடிக்காதே, பஸ்ல ஒண்ணுக்கு வரும்!" கிளம்பும்போது பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால், மிகவும் தவறான பழக்கம் இதுதான். ஜன்னலோரக் காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் குறைவது நம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் உண்டாகும். அதை அடக்கவும் செய்தால் கிருமித் தொற்றுக்கு வழி. பெண் குழந்தைகளுக்கு சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு என்பதால் அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை.

காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் கொடுங்கள். "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டால் விளையாட்டு மும்முரத்தில் "இல்லே" என்றுதான் சொல்லும். கேட்காமல், இரண்டு மணிக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போய்விடுங்கள். காரில் போகிறவர்கள் அதற்காகவே வண்டியை நிறுத்த வேண்டும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பால் மட்டுமே போதும்; தண்ணீர்கூட வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் சரி.

பசியும் மலமும்

வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பிடும் குழந்தைக்குப் பயணத்திலும் எட்டு மணிக்குக் கொடுங்கள். இட்லியைவிடச் சிறந்த வழிச்சோறு கிடையாது. காரம் குறைந்த பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். வாழைப்பழம் தோலோடு இருப்பதால் பாதுகாப்பானது. வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

"வயிறு சுத்தமாகட்டும்" என்று கிளம்பும் முன் விளக்கெண்ணெய் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். நடு வழியில் பேதியானால் யாருக்குக் கஷ்டம்? இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, முதல் நாள் இரவு பத்து உலர் திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மசித்துக் கொடுத்தால் போதும்.

தூக்கம்

சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கி.மீ.க்கு மேல். பகலில் காரில் போனால் குழந்தைக்கு அது தண்டனை. இரவு ரயிலில் போனால் தூங்கி எழுவதற்குள் ஊர் வந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் தேவையில்லை. ஆனால் தனி படுக்கை கிடைக்காது. 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ளவர்களுக்குத் தனி படுக்கை வேண்டுமானால், 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். காசு மிச்சம் என்று இரண்டு பேர் ஒரே படுக்கையில் நெருங்கிப் படுத்தால் இருவருக்கும் தூக்கம் போச்சு!

மலைப்பாதை வாந்தி

ஓடும் வண்டியில் காது ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது; கண்ணோ மடியிலுள்ள புத்தகத்தையோ செல்போனையோ பார்த்து "அசைவில்லை" என்கிறது. இந்தக் குழப்பம்தான் வாந்தி. 2 வயது முதல் 12 வயது வரை இது அதிகம். செல்போனை வாங்கி வையுங்கள். தூரத்து மலையைக் காட்டிக் கதை சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பாடும் கூடாது.

சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில் பனங்கற்கண்டு சேர்த்து பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, வெதுவெதுப்பாக இரண்டு மூன்று ஸ்பூன் கொடுக்கலாம். வாந்தி வந்தால் அடக்கச் சொல்லாதீர்கள். அதுவும் ஒரு வேகம்தானே!

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் எந்தக் காரணத்துக்காகவும் தேன் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைப் பாதிக்கும் விஷத்தை உண்டாக்கும்.

கைவசம் இருக்கட்டும்

ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரை பாக்கெட் இரண்டு அவசியம். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் மொத்தத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். பேதியோ வாந்தியோ வந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் கைவைத்தியம் செய்து காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரயிலில் இருந்தால் 139, தமிழ்நாட்டுச் சாலையில் இருந்தால் 108.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது வண்டி புறப்படும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். குழந்தைக்குப் பசிக்கும் நேரம், தூங்கும் நேரம் எது என்பதையும் பார்த்து டிக்கெட் எடுங்கள். பாதி அழுகை வீட்டிலேயே நின்றுவிடும்.