வீடு கேட்டவர்களால் வடிவம் மாறிய அதிவேக வீதி

'லா லா லேண்ட்' திரைப்படத்தின் தொடக்கப் பாடலில், நெரிசலில் சிக்கியவர்கள் உயரமான பாலமொன்றில் கார்களை விட்டிறங்கி ஆடுவார்கள். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 105, 110 ஆம் இலக்க அதிவேக வீதிகள் சந்திக்கும் இடத்திலுள்ள பாலம் அது. ஒரு காரில் இருவராவது சேர்ந்து பயணிக்க வேண்டும் என்ற விதியோடு கட்டப்பட்டது.

இதற்கு ஏன் தனிப் பாலம்? அமெரிக்காவில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. சேர்ந்து பயணிப்போருக்கான நிரல் இடது ஓரத்தில், வீதியின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். வெளியேறும் பாதையோ பெரும்பாலும் வலது ஓரத்தில். ஆகவே, ஒரு வீதியிலிருந்து மற்றதற்கு மாற, எல்லா நிரல்களையும் குறுக்கறுத்துப் போய், அங்கும் அப்படியே திரும்பி வரவேண்டும். மிச்சப்படுத்திய நேரம் அதிலேயே போய்விடும். விபத்து ஆபத்தும் கூடும். நடுவிலிருந்து நேரே மேலெழுந்து, மற்ற வீதியின் நடுவில் இறங்கும் பாலம் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அதனால்தான் இந்தச் சந்தி பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கிறது.

ஆனால் 105 ஆம் இலக்க வீதியின் முதல் திட்டம் வேறு. கறுப்பின மக்களும் வருமானம் குறைந்தவர்களும் செறிந்து வாழ்ந்த பகுதிகளை ஊடறுத்து, 10 நிரல்களில் அதை அமைக்கவே எண்ணியிருந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அதன் பாதையில் இருந்தன.

1972 இல் குடியிருப்பாளர்களும் சில அமைப்புகளும் வழக்குத் தொடுத்தனர். சுற்றாடல் பாதிப்பு முறையாக ஆராயப்படவில்லை, வெளியேற்றப்படுவோருக்கு மாற்று வீடுகள் போதாது என்பன அவர்களின் முறைப்பாடுகளில் முக்கியமானவை. நீதிபதி ஹரி பிரெகர்சன் அதே ஆண்டில் வேலைகளை நிறுத்தினார். ஏறத்தாழ 10 ஆண்டுகள் வீதி நகரவில்லை.

1979 இல் இரு தரப்பும் இணங்கிய தீர்ப்பு வந்தது. 1981 இல் அது திருத்தப்பட்டது. சாதாரண நிரல்கள் 6 ஆகக் குறைந்தன. சேர்ந்து பயணிப்போருக்கு 2 நிரல்களும் நடுவே ரயில் பாதையும் சேர்ந்தன. சுமார் 3,700 வீடுகளைக் கட்டவோ திருத்தவோ வேண்டும், கட்டுமான வேலைகளில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் வேண்டும் என்பனவும் தீர்ப்பில் இருந்தன. 1993 ஒக்டோபரில் வீதி திறக்கப்பட்டது. சந்திக்கு இன்று பிரெகர்சனின் பெயர்.

இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. வழக்கு நடந்த காலத்தில் அரசு வாங்கிய வீடுகள் வெறிச்சோடிப் பாழடைந்தன. பலர் தீர்ப்புக்கு முன்பே வெளியேறியிருந்தனர். உடைந்த அயல் மீண்டும் சேரவில்லை. ஆனாலும் வீதி எப்படி அமைய வேண்டும் என்பதில் அங்கு வாழ்ந்தவர்களின் சொல்லுக்கும் இடம் கிடைத்தது.

காணி இழப்பது என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இலங்கையின் காணி எடுத்தற் சட்டத்தின் 38 (அ) பிரிவு, அவசரத் தேவை என்று காட்டி, நட்டஈடு தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே காணியை அரசு கையேற்க வழிவிடுகிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் வழக்கு எழுப்பிய கேள்வி இங்கும் பொருந்தும்: முதலில் வீதியா, அங்கிருந்தவர்களுக்கு வீடா?