வெயிலையும் ஓதத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி, முன்பணம் கொடுத்து, பூமி பூஜை போட்டுவிடுகிறோம். எந்த சிமெண்ட், எந்தக் கம்பி, எந்த டைல்ஸ் என்பதெல்லாம் அந்த ரேட்டுக்குள் அடங்கும். மே மாத இரவில் மாடி அறை கொதிக்கக் கூடாது, ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறக் கூடாது என்பவை மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதாமல் விட்டதற்கு ஏசி வாங்கியும், மின்கட்டணம் கட்டியும், பூஞ்சையின் மேல் திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடித்தும் ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்கிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். பில்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து சொன்னால், பில்டர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே விற்பனையே நடக்கவில்லையே. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்றிதழ் முறை வந்தபின், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் வரைபடத்தில் காற்று வருமா, வெயில் எங்கே விழும் என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரருடையதாகிவிட்டது.

வெப்பத்தின் பெரும்பகுதி கூரை வழியாகத்தான் இறங்குகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் காங்கிரீட் தளம் இரவில்தான் அதைக் கீழே விடும். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டு எரிசக்தி விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்தல் அளவு (யு மதிப்பு) 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மேலே எதுவும் போடாத வெறும் தளத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேல். வெப்பத் தடுப்புப் பலகை பதித்து, அதன்மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினால் இறங்கும் வெப்பம் வெகுவாகக் குறையும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் நம் பழைய முறையும் உதவும். செலவு மிச்சம் என்று சொல்லி அதைக் கைவிட்டதுதான் பெரிய நஷ்டம். சென்னை போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு கேட்கிறது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த எண்களை உங்கள் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுத எந்தத் தடையும் இல்லை. எழுதிவிட்டால், மீறுவது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிடலாம்.

உடல்நலமும் அப்படித்தான். கடைக்கால் மேல் ஓதத் தடுப்புப் பட்டை, குளியலறைத் தரையை டைல்ஸ் ஒட்டுமுன் ஒரு நாள் தண்ணீர் கட்டிச் சோதிப்பது, இப்போது பரவலாக விற்கும் பிபிசி (போர்ட்லாண்ட் போஸோலானா) சிமெண்ட் என்றால் காங்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் க்யூரிங், இவை தனித்தனி வரிகளாக இருக்கட்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. டின்னில் அந்த அறிவிப்பைப் பாருங்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டவே வேண்டாம். அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் தரக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

பணத்தை வங்கி வழியாகவே, வேலை முடிந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை வடகிழக்குப் பருவமழை ஒன்று கடந்த பிறகே தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுகுகிற தளம் மழையில்தான் தெரியும். முழுப்பணமும் கொடுத்த பிறகு கான்ட்ராக்டரை வரவழைப்பது எவ்வளவு கடினம் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

குறை தெரிந்தால் உடனே பூசி மறைக்காதீர்கள். தேதியோடு படம் எடுத்து, தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வீடு கட்டித்தருவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’. வாய்ப்பேச்சு ஒப்பந்தமானாலும் வழக்குப் போடலாம், நிரூபிப்பதுதான் பாடு. தகராறு நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்பது உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த நிலை. நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் 1,000 ரூபாயைத் தாண்டாது, 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு கொடுக்கலாம். வழக்குக்கு முன் ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. காலவரம்பு, குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். “அடுத்த மாசம் வந்து பாத்துடறேன் சார்” என்று கான்ட்ராக்டர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த 2 ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் சொன்னதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதில் வாங்கிவையுங்கள்.