பெயரைச் சொன்னால் இடத்தைக் காட்டும் கோப்பு

கோலா சாவாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிராணியிடம் ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கும். ஆளின் பெயரைச் சொன்னால், எந்த நிரையில் பால் வெட்டுகிறார் என்று உடனே சொல்லிவிடுவார். மூல நிரலுக்கு அப்படியொரு பதிவேடுதான் டேக் கோப்பு.

பள்ளி விடுமுறையில் அக்காள் மகன் ஓப்பன்-தமிழ் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு திணறினான். “மாமா, கெட் லெட்டர்ஸ்னு தேடினா எல்லாக் கோப்புலயும் வருது. எதுல எழுதியிருக்காங்க?” ஓப்பன்-தமிழ், முத்தையா அண்ணாமலை தொடங்கிய பைத்தான் நிரல்தொகுப்பு. கணினிக்கு ‘கோலா’ நான்கு குறியீடுகள். அதை இரண்டு எழுத்தாகப் பிரித்துத் தருவது அவன் தேடிய செயற்கூறு.

‘சிடேக்ஸ்’ கட்டளையை ஓட்டச் சொன்னேன். ‘டேக்ஸ்’ என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு உருவானது. வரிக்கு ஒரு பெயர், அது இருக்கும் கோப்பு, அங்கே அதைக் கண்டுபிடிக்க ஒரு தேடல் குறிப்பு. வெறும் வரி எண்ணை நம்பாமல் வரியின் வாசகத்தையே வைத்திருப்பது அருமையான யோசனை: மேலே பத்து வரி சேர்த்தாலும் தாவல் தவறாது. விம் என்ற உரைத்திருத்தியில் பெயர்மேல் கர்சரை வைத்து, கண்ட்ரோலோடு வலது சதுர அடைப்பை அழுத்தினான். செயற்கூறு எழுதப்பட்ட இடமே திறந்தது. கண்ட்ரோல்-டி அழுத்த, புறப்பட்ட இடம்.

சிடேக்ஸ், பெர்க்லி யூனிக்ஸ் காலத்தில் கென் ஆர்னால்ட் எழுதிய கருவி. இன்று யுனிவர்சல் சிடேக்ஸாகத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். இணையம் வேண்டாம், பழைய மடிக்கணினி போதும். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுப்பது அதனால்தான். புதிதாகச் செயற்கூறு எழுதினால் கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும்.