காகமும் பூனையும் நம் குப்பையும்

கோடை தொடங்கியதும் பூனை வளர்ப்போரிடமிருந்து ஒரே புகாரைக் கேட்க நேர்கிறது. தோட்டத்தில் பூனை தலைகாட்டினால் போதும், இரண்டு காகங்கள் பாய்ந்து வந்து வாலைக் கொத்துகின்றன; சற்று நேரத்தில் தெருவிலுள்ள காகங்கள் அனைத்தும் கூடிவிடுகின்றன. பூனை குட்டி போட்டிருக்கும் வீடுகளில் பருந்தைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. நான் வசிக்கும் அத்திப்பட்டில் இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் தீர்வு, கூட்டைக் கலைத்துவிடுவது என்பதே. பறவைக்கு இது கொடுமை; பூனைக்கும் இதனால் பயனில்லை.

காகத்தின் எடை சுமார் 300 கிராம். வளர்ந்த பூனையோ மூன்று, நான்கு கிலோ இருக்கும். தன்னைப்போல் பத்து மடங்கு எடையுள்ள விலங்கின் மீது காகம் பாய்வது இரைக்காக அன்று, குஞ்சுகளைக் காப்பதற்காக. நம் பகுதியில் ஏறத்தாழ பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரை காகங்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. முட்டை பொரிய 16, 17 நாள்கள். குஞ்சு கூட்டை விட்டு வெளிவர மேலும் மூன்று, நான்கு வாரங்கள். பறக்கப் பழகும் குஞ்சு தரையிலோ தாழ்ந்த கிளையிலோ தத்தித் திரியும் நாள்களில்தான் தாய் தந்தையின் ஆவேசம் உச்சத்தை அடைகிறது. கூட்டில் குயில் இட்ட முட்டை பொரிந்திருந்தால், அந்தக் குஞ்சையும் தம்முடையதாகவே எண்ணி அவை காக்கின்றன. ஆகவே ஒரு கூட்டினால் வரும் தொல்லை ஆறேழு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

பருந்தின் கணக்கு வேறு. அது இரை தேடி வருகிறது. ஆயினும் நம் வானில் வட்டமிடும் கள்ளப்பருந்தின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. வளர்ந்த பூனையை அதனால் தூக்கிச் செல்ல இயலாது. பிறக்கும்போது நூறு கிராம் அளவே இருக்கும் பூனைக்குட்டிக்குத்தான் உண்மையான ஆபத்து. குட்டிகளை இரண்டு, மூன்று மாதங்கள் வரை கூரையுள்ள இடத்தில் வைத்து வளர்த்தால் அந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

கூட்டைக் கலைத்தால் என்ன ஆகும்? காகம் பெரும்பாலும் அருகிலேயே மறுபடி கூடு கட்டும். ஆறு வாரத்தில் முடிய வேண்டிய தொல்லை மேலும் நீளும். கலைத்தவரையும் அது மறப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து விடுவித்தனர். பின்னர் அதே முகமூடியுடன் எவர் நடந்தாலும், பல ஆண்டுகள் கழித்தும் காகங்கள் கரைந்து துரத்தின. சட்டமும் மாறியிருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் எலியோடு காகத்தையும் சேர்த்து வைத்திருந்த தீங்குயிரிப் பட்டியல், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது.

கொன்று குறைக்கலாமே என்போர் மலேசியாவையும் சிங்கப்பூரையும் பார்க்க வேண்டும். காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்கள் கொண்டுசெல்லப்பட்டன. வந்த வேலை முடிந்ததோ இல்லையோ, அவை நகரக் குப்பையில் பெருகின. சிங்கப்பூரில் பல ஆண்டுகள் துப்பாக்கியால் சுட்டும் காகத் தொல்லை தீரவில்லை. உணவுக் கழிவை மூடி வையுங்கள் என்றே இன்று அங்கும் வலியுறுத்துகிறார்கள்.

பொருளியல் மாணவனாக எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மீன் கழிவுக்கும், சாலையோரக் கோழிக் கடைகளின் எச்சத்துக்கும், திறந்த தொட்டியில் கொட்டப்படும் சோற்றுக்கும் பஞ்சமில்லை. இரை இருக்கும் அளவுக்குத்தான் பறவையும் பெருகும். கழிவைத் தெருவில் எறிபவர் அதற்கு விலை தருவதில்லை. அடுத்த வீட்டுப் பூனைக்குட்டி தருகிறது. ஒருவர் செயலின் செலவு அதில் தொடர்பில்லாத மற்றவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். இதைத் தனியொருவர் தம் தொட்டியை மட்டும் மூடித் தீர்க்க முடியாது. தெரு முழுவதும் சேர வேண்டும். உள்ளாட்சி அமைப்பு கழிவை நாள்தோறும் அள்ள வேண்டும். குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லும் திடக்கழிவு விதிகள் 2016லேயே வந்துவிட்டன. அமாவாசைச் சோறு வைக்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. காகம் உண்டது போக எஞ்சியதை எடுத்துவிட்டால் போதும்.

வீட்டளவில் செய்ய வேண்டியவை எளியவை. தோட்டத்து வேம்பிலோ அருகிலுள்ள மின்கம்பத்திலோ கூடு தென்பட்டால், குஞ்சுகள் பறக்கும் வரை பூனையை உள்ளே வையுங்கள். வெளிச்சம் வேண்டுமெனில் சன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை அடியுங்கள். பூனையின் உணவைத் திறந்த வெளியில் வைக்காதீர்கள். அதுவே காகத்துக்கு அழைப்பு. தோட்டத்தில் ஒரு மேசையோ அடர்ந்த செடியோ இருந்தால் பூனை ஒதுங்க இடம் கிடைக்கும். கண்ணருகே கொத்துப்பட்டால் கைவைத்தியம் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வட சென்னையினருக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

பூனையை உள்ளே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானில் காகங்கள் பறவைக் காய்ச்சலால் மடிந்தன. 2023இல் போலந்தில் வீட்டுப் பூனைகளுக்கு எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் தொற்றிப் பல இறந்தன. செத்த காகத்தைக் கவ்வும் பூனை அந்த நோயையும் வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். பூனையின் வாயில் அகப்படும் தவிட்டுக்குருவிகளுக்கும் அணில்களுக்கும் கூட இந்த ஆறு வாரக் காவல் நன்மையே செய்யும்.

காகத்தின் சீற்றம் ஆனியோடு தணிந்துவிடும். தெருமுனைக் குப்பையை அப்படியே விட்டுவைத்தால், அடுத்த பங்குனியில் கூடுகளும் புகார்களும் குறையப் போவதில்லை.