இடது கைக்கு என்ன வேலை?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடப்பவர்கள் ஒரு பஜனை கோஷ்டியையாவது கடக்காமல் வர முடியாது. அடுத்த முறை பாடுபவரை விட்டுவிட்டு ஆர்மோனியக்காரரின் இடது கையைக் கவனியுங்கள். வலது கை கட்டைகள் மேல் ஓடிக்கொண்டிருக்க, இடது கை பெட்டியின் பின்னால் துருத்தியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று நின்றால் பாட்டு நின்றுவிடும். ஸ்வரம் வாசிக்க அந்தக் கைக்கு ஏது நேரம்?

ஆர்மோனியம் பழகிவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்காருபவர்களின் முதல் தடுமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. துருத்தி இல்லை, இடது கை மடியில் கிடக்கிறது.

பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் மிதிப்பது. இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. தரையில் உட்கார்ந்து வாசிக்கும் நம் வழக்கத்துக்கு ஏற்ப, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-இல் கைத்துருத்திப் பெட்டியை உருவாக்கினார். அதோடு இடது கை துருத்திக்குப் போனது. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு என்ற பேச்சே இல்லாத நம் சங்கீதத்தில் அந்த இழப்பு யாருக்கும் உறைக்கவில்லை. இதே மாவட்டத்துப் புரிசையின் தெருக்கூத்திலும் ஆர்மோனியம் சுருதியையும் மெட்டையும் பிடித்தால் போதும். மற்றதை மிருதங்கம் பார்த்துக்கொள்ளும்.

அந்த மிருதங்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதன் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது அடிநாதம் கனமாக வருவதற்கு. கோயில் தவில்காரரும் இடது கைக் கழியால்தான் தொப்பியை அதிர வைக்கிறார். ஆக, இடது கை என்றால் பேஸ் என்பது நமக்குப் பழைய பாடம். கீபோர்டில் அதற்கு ஸ்வரம் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

பியானோவின் இடது கை ஏன் ஓயாமல் அசைகிறது? ஆர்மோனியத்தில் காற்று இருக்கும்வரை நாதம் நிற்கும். பியானோவில் கட்டையை அழுத்தியவுடனே ஒலி தேயத் தொடங்கிவிடும். அகலுக்கு எண்ணெய் விடுவதுபோல மறுபடி மறுபடி தொட வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான தொமெனிகோ அல்பெர்த்தியின் பெயரால் வழங்கும் 'அல்பெர்த்தி பேஸ்' இந்தத் தேவைக்கு ஏற்ற உத்தி. ச-க-ப என்ற கார்டைச் சேர்த்து அடிக்காமல், ச-ப-க-ப என்று உடைத்து உருட்டுவது. மொசார்ட் 1788-இல் எழுதிய சி மேஜர் சொனாட்டாவின் தொடக்கத்தில் இடது கை இதைத்தான் செய்கிறது.

முதல் நாளே அதில் இறங்க வேண்டாம். 1 கட்டையில் சுண்டுவிரல் ஷட்ஜம், ஆள்காட்டி விரல் பஞ்சமம், கட்டைவிரல் மேல் ஷட்ஜம். தம்புராவைக் கைக்கு மாற்றியதுபோல இருக்கும். அது பழகியதும் 'தகிட' சொல்லுங்கள்: 'த'வில் கீழ் ஷட்ஜம் மட்டும், 'கி', 'ட' இரண்டிலும் மேலே கார்டு. வால்ட்ஸ் வந்துவிட்டது. 'தகதிமி'யில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமாகப் படியேறி இறங்கினால், ஜாஸ்காரர்கள் 'வாக்கிங் பேஸ்' என்று சொல்வதன் வாசலுக்கு வந்துவிடுவீர்கள். நமக்கு நடை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் காலூன்றிய ஊரும்கூட. தேவாலயத்தில் நான்கு குரல் ஞானப்பாட்டை வாசிப்பவருக்கு டெனர், பேஸ் என்ற இரண்டு குரல்கள் இடது கையில். அப்படிப் பழகியவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அரிச்சுவடி.

ராகத்தில் கார்டு போடும்போதுதான் உஷார் வேண்டும். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் முழுசாக அமையும் மூன்று-ஸ்வரக் கார்டுகள் இரண்டுதான்: ச-க-ப, த-ச-க. முதலாவது மேஜர், அடுத்தது மைனர். ஹிந்தோளத்திலும் இரண்டுதான்: ம-த-ச, த-ச-க. எழுத்தில் அதே த-ச-க. ஆனால் காந்தாரமும் தைவதமும் கீழிறங்குவதால் இங்கே அது மேஜர். இதைக் கட்டைகளில் தொட்டுப் பார்க்காமல் புரிந்துகொள்வது சிரமம்.

கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி இடது கையால் கார்டைப் பிடித்துக்கொண்டால், டிரம்ஸும் பேஸும் தானாக ஓடும். மேடைக்கு அது சௌகரியம். கற்பவர்களுக்குக் கேடு என்பேன். பெட்டி வாசிக்கிறது, கை மறுபடியும் சும்மா இருக்கிறது. முதல் ஆறு மாதம் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

கர்நாடகக் கச்சேரி செய்யும் கீபோர்டு கலைஞர் கே. சத்யநாராயணனின் வழி வேறு. கீபோர்டின் இடது ஓரத்திலுள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டிக் கமகம் வரவழைக்கிறார். அங்கே இடது கைக்குக் கார்டு இல்லை; வலது கையின் ஸ்வரத்தை அசைப்பதே வேலை.

இன்று இரவே ச-ப-ச வாசித்துப் பாருங்கள். ஹிந்தோளத்துக்கு மட்டும் அது ஆகாது. அந்த ராகத்தில் பஞ்சமமே கிடையாது. ச-ம-ச வாசியுங்கள்.