சிகிச்சையில் நிலைக்கச் செய்வது எது?

சூரிச் புகையிரத நிலையத்தருகே உள்ள பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா ஹெரோயின் ஊசிகளால் நிறைந்திருந்தது. 1992இல் அதிகாரிகள் அதனைப் பூட்டினர். கூட்டமோ கைவிடப்பட்ட லெட்டன் நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது. வேறு சிகிச்சைகளிலிருந்து மீண்டும் மீண்டும் விலகியோருக்கு, 1994 முதல் வைத்தியர் மேற்பார்வையில் ஹெரோயினையே வழங்கத் தொடங்கியது சுவிஸ் அரசு. கேட்பவர்க்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆயினும் ஆறு மாதங்களின் பின் 89 வீதத்தினர் சிகிச்சையில் நீடித்தனர்.

மருந்து மாத்திரமே இதற்குக் காரணமன்று. அடுத்த ஊசிக்காகப் பணந்தேடி அலையும் நாள் ஒழிந்ததும், வீடும் வேலையும் எட்டக்கூடியவையாயின. தவறியவரை உடனே துரத்தாத இடத்திற்கே மனிதர் மறுநாளும் வருவர். குடிக்கு ஆளானவரை வீட்டைவிட்டு விரட்டினால் திருந்துவார் என நம்மவருட் பலர் இன்னும் நம்புவது வியப்பே.

2008இல் வாக்களித்த சுவிஸ் மக்களில் 68 வீதத்தினர் இச்சிகிச்சையைச் சட்டமாக்கினர்.